கணக்குப் பார்த்து மலை ஏறுவோம்

கோடை விடுமுறைப் பேச்சை எடுத்தாலே இப்போது கூடவே ஒரு புகாரும் வந்துவிடுகிறது. நினைத்த நாளில் குடும்பத்தோடு காரில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்ப முடியவில்லை. இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. எடுக்கப் போனால் அந்த நாளுக்கான எண்ணிக்கை முடிந்துவிட்டது என்கிறார்கள். சொந்த மாநிலத்து மலைக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதுதான் அந்தப் புகார். பயணிகள் ஒருபக்கம் இருக்க, மலையில் கடை வைத்திருப்பவர்களும் காட்டேஜ் நடத்துபவர்களும் இதையே இன்னும் காட்டமாகச் சொல்கிறார்கள். 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பே நடத்தினார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கருத்து மிக எளிமையானது. மலைச் சுற்றுலா என்றால் பார்ப்பதற்கு அழகான இடங்களும் தங்குவதற்கு வசதியான அறையும். வருகிறவர் பணம் தருகிறார், ஊர் அவற்றைத் தருகிறது. நடுவில் வரம்பு போட அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன வேலை? இடம் போதவில்லை என்றால் சாலையை அகலப்படுத்தட்டும், வாகன நிறுத்தம் கட்டட்டும், அறைகளைக் கூட்டட்டும். படித்தவர்கள் கூட யோசிக்காமல் தலையாட்டும் இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறானது. அந்த அழகும் அந்த வசதியும் பயணிக்குக் கிடைக்க வேண்டுமானால் வரம்பு இருந்தே ஆக வேண்டும். மலைப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது எத்தனை பாயின்ட் பார்க்கலாம் என்பதை அல்ல, இந்த மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதைத்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரப்படி, சீசனில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைந்துகொண்டிருந்தன. வண்டிக்குச் சராசரியாக மூன்று பேர் என்று குறைத்து வைத்தாலும் 60,000 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உதகை நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே 88,430. மாவட்டத்துக்குள் வருகிற வண்டிகளில் பெரும்பகுதி அந்த ஒரு ஊரை நோக்கித்தான் வருகிறது. அதாவது, ஊர்க்காரர்களுக்காகப் போட்ட சாலை, குழாய், சாக்கடை, குப்பை வண்டி எல்லாவற்றின் மேலும் இன்னோர் ஊரே வந்து உட்காருகிறது, அதுவும் ஆண்டில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில். இதைப் பார்த்துத்தான் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. முதல் ஆண்டில் அதில் எண்ணிக்கை வரம்பு இல்லை, கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. 2025 கோடையில்தான் ஏப்ரல் முதல் ஜூன் இறுதி வரைக்கும் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உயர் நீதிமன்றம் வரையறுத்தது. எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது. மலைக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். வார நாளில் 6,000 வண்டி என்றால் அதே மூன்று பேர் கணக்கில் 18,000 பேர். அதுவும் உள்ளூர் வண்டிகளும் அரசுப் பேருந்தும் ரயிலும் இந்தக் கணக்கில் சேராமல்.

இனி, பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒவ்வொரு பேக்கேஜிலும் வரும் பட்டியலுக்கு வருவோம். தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை, பைக்காரா, குன்னூர் சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், கோத்தகிரி, கோடநாடு காட்சிமுனை. இரண்டு நாளில் இத்தனையும் என்று அச்சடித்துத் தருகிறார்கள். உதகையிலிருந்து பைக்காரா சுமார் 20 கி.மீ.; குன்னூரும் அதே அளவு, அங்கிருந்து டால்பின் நோஸ் இன்னும் 10 கி.மீ.க்கு மேல்; கோத்தகிரி சுமார் 30 கி.மீ., அதற்கப்பால் கோடநாடு. போக வரச் சேர்த்தால் 200 கி.மீ.க்குப் பெரிதாகக் குறையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி இறங்கும் தூரம் தனி. மலைச் சாலையில், சீசன் நெரிசலில், மணிக்கு 20 கி.மீ. என்று தாராளமாக வைத்தால்கூடப் பத்து மணி நேரம் வண்டிக்குள்ளேயே போய்விடும். வாகன நிறுத்தத்தில் இடம் தேடுவதும் நுழைவுச்சீட்டு வரிசையும் போக ஒவ்வோர் இடத்திலும் மிஞ்சுவது அரைமணி நேரம். மலைக்காட்சி அரைமணிக்குக் கட்டுப்படுகிற பொருள் கிடையாது. டால்பின் நோஸில் நிற்பவருக்கு எதிர்ச்சரிவில் கேத்தரின் அருவி தெரிய வேண்டும். ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து பஞ்சு மூட்டையாக மேகம் ஏறிவிட்டால் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெறும் வெள்ளைதான். முக்கால் மணி நேரம் பொறுத்தால் திரை விலகும், முதலில் எதிர்மலையின் விளிம்பு, பிறகு தேயிலைப் பாத்தி, பிறகு அருவியின் நீள வெள்ளைக் கோடு என்று ஒவ்வொன்றாக வரும். பட்டியலோடு வந்தவருக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடையாது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, ஓட்டுநர் அடுத்த பாயின்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்கிறார். அவர் பார்க்க வந்ததை அவர் பார்க்கவில்லை. இதைக் கெடுத்தது இ-பாஸ் இல்லை. அது இல்லாத காலத்தில் வளர்ந்த கூட்டமும், கூட்டத்துக்கு ஏற்றபடி வளர்ந்த பட்டியலும்தான்.

பட்டியலில் படகு இல்லம் என்று தவறாமல் இடம்பெறும் ஊட்டி ஏரியை மட்டும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் வெட்டுவித்த ஏரி அது. அப்போது இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிது. குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் இருக்கும் நிலம்கூட ஒருகாலத்தில் ஏரிதான். நகரத்தின் நடுவே வரும் கோடப்பமந்து கால்வாய் இந்த ஏரியில் வந்து விழுகிறது. மழைநீர் வர வேண்டிய அந்தக் கால்வாயில் நகரத்தின் கழிவுநீரும் சேர்ந்துவருவது ஊரறிந்த விஷயம். தூர்வாருவதும் மறுபடி சேறு சேர்வதும் பல ஆண்டுகளாக நடந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கழிவுநீரில் வீடுகளின் பங்கு உண்டு, விடுதிகளின் பங்கும் உண்டு. வசதியான அறையில் வெந்நீர்க் குளியல் முடித்துக் கிளம்புகிற குடும்பம், அதே நாள் மாலை, அந்தக் குளியலறைகளின் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கே பணம் கட்டிப் படகில் போகிறது. அழகான இடம் வேறு, வசதியான அறை வேறு, இரண்டையும் தனித்தனியாக வாங்கலாம் என்ற கணக்கு இந்த ஏரிக்கரையில் உடைந்துபோகிறது. மலையில் எல்லாமே சரிவு. மேலே ஒருவர் செய்வது கீழே இன்னொருவரிடம் வந்துதான் சேரும். ஊட்டியில் முடிகிற விஷயமும் இல்லை இது. பவானி நீலகிரியில் பிறக்கிறது; மோயாறும் பவானிசாகரில் வந்து கலக்கிறது. மலைமேல் சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கீழே ஈரோட்டு வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுகிறது. ஆகவே மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வியைச் சுற்றுலாப் பயணியும் விடுதிக்காரரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது.

அறைக்கு வருவோம். இன்றைக்கு மலை விடுதி விளம்பரத்தில் முதல் சொல் ‘வேலி வியூ’. பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி, தரைமுதல் கூரைவரை கண்ணாடி. பள்ளத்தாக்கு தெரிய வேண்டுமானால் கட்டிடம் சரிவின் விளிம்பில் நிற்க வேண்டும். அதற்காகச் சரிவை நேராக வெட்டித் தளமாக்குகிறார்கள். வெட்டுமுகத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். ஒழுங்காகக் கட்டிய சுவராக இருந்தால் அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய்த் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேறுவதற்கு வைத்த வழி அது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அந்தக் குழாய்களிலிருந்து தண்ணீர் சொட்டினால் சுவர் வேலை செய்கிறது என்று பொருள். குழாயே இல்லாமலோ, இருந்தும் மண்ணும் சிமென்ட்டும் அடைத்தோ, சுவரின் வயிறு மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு இருந்தால், உள்ளே தண்ணீர் தேங்கி மண்ணின் எடை கூடிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியும் அதே மண்ணில் கசிந்தால் மழைக்காலம் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டில் மெத்தையின் தடிமனையும் காலை உணவின் வகைகளையும் பார்த்து மதிப்பெண் போடுகிறோம். இந்தச் சுவரை யாரும் பார்ப்பதில்லை. வசதி என்ற சொல்லில் உயிர் பிழைப்பதும் அடங்கும் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் கொட்டிய மழையில் நீலகிரி முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைச் சாலைகளும் ரயில் பாதையும் அறுந்துபோயின. 2019 ஆகஸ்டில் மேற்குப் பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. சென்னையில் ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் பெய்வதற்குக் கிட்டத்தட்டச் சமமான தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு சரிவின் மேல் இறங்கியது. நல்லவேளையாக அங்கே கட்டிடங்கள் அதிகம் இல்லை. மழை இப்படி வரும் என்று தெரிந்த மலையில்தான் கட்டிட உயரத்துக்கு வரம்பு, மண் அள்ளும் எந்திரத்துக்கு முன் அனுமதி, ஆழ்துளைக் கிணற்றுக்குக் கட்டுப்பாடு எல்லாம் வைத்திருக்கிறார்கள். விதி இருந்தும் மீறல் எப்படி நடக்கிறது என்பதற்குக் கொடைக்கானலில் ஒரு பெயர்போன வழக்கு உண்டு. இரண்டு தளம் மட்டுமே கட்டலாம் என்றிருந்த இடத்தில் பிளசன்ட் ஸ்டே என்ற ஓட்டல் ஏழு தளம் எழுப்பியது. 1990களில் அதற்கு விதிவிலக்கும் தரப்பட்டது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றமும் பின்பு உச்ச நீதிமன்றமும் அந்த விலக்கை ஏற்கவில்லை. நீலகிரியிலும் இதே கதைதான். முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமியில் யானைகள் நடக்கும் வழியிலேயே ரிசார்ட்டுகள் எழும்பின. 2010-ல் அரசு யானை வழித்தடம் அறிவித்தது. பத்தாண்டு வழக்காடலுக்குப் பிறகு 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காட்டுக்கு நடுவே தங்கும் அனுபவம் என்று விற்ற அறைகள், அந்தக் காடு காடாக இருப்பதையே தடுத்துக்கொண்டிருந்தன. இந்த இரண்டிலும் வரம்பை மீறிக் கட்டியது பயணிக்கு விற்கத்தான். எந்தப் பயணியும் அப்படிக் கேட்டதில்லை.

வரம்பு போட்டால் சுற்றுலா செத்துவிடும் என்கிறவர்களுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கண்முன்னே பதில் இருக்கிறது. அவலாஞ்சிக்குள் தனியார் வண்டிகளை விடுவதில்லை. வனத்துறை வாகனத்தில்தான் போய்வர வேண்டும். கொடைக்கானலுக்கு அப்பால் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்குத்தான் அனுமதிச் சீட்டு தருகிறது. இரண்டு மலைகளையும் சுற்றியவர்களிடம் மனதில் நின்ற இடம் எது என்று கேட்டால் மிகப் பலர் இவற்றைத்தான் சொல்வார்கள். மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் ஓடத் தொடங்கிய இந்த ரயில் 46 கி.மீ. தூரத்தை 208 வளைவுகளும் 16 சுரங்கங்களும் தாண்டிக் கடக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுக்கிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும்; எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வியபடி ஏறும். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் நிற்கிறார். இந்த ஏற்பாட்டில் சில பெட்டிகளுக்கு மேல் சேர்க்க முடியாது. ஆகவே இடங்கள் மிகக் குறைவு. சீட்டு கிடைக்கவில்லை என்றால் வேறு நாளுக்கு முன்பதிவு செய்கிறோம். என் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று யாரும் ரயில்வேயைக் குறை சொல்வதில்லை. எஞ்சின் தள்ளும் அளவுக்குத்தான் ஆளை ஏற்ற முடியும் என்பது கண்ணுக்குத் தெரிவதால் ஒத்துக்கொள்கிறோம். மலைக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் அதோடு சண்டை போடுகிறோம். யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது இந்த மெதுவான, இடம் குறைந்த ரயிலைத்தான்.

எதிர்வாதங்களில் மிகக் கனமானது பிழைப்பைப் பற்றியது. சீசன் மூன்று மாத வருமானத்தை வைத்துத்தான் பலர் மீதி ஒன்பது மாதத்தை ஓட்டுகிறார்கள். வண்டி குறைந்தால் டீக்கடைக்காரரும் வர்க்கி விற்பவரும் ஜீப் ஓட்டுநரும்தான் முதலில் அடிபடுவார்கள் என்கிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் பயம் உண்மையானது. ஆனால் யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் சமவெளியிலிருந்து கிளம்பி, கட்டுச்சோறும் தண்ணீரும் காரிலேயே கொண்டுவந்து, நான்கு இடம் பார்த்து, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிற வண்டி மலைக்குத் தருவது நெரிசலும் குப்பையும் நுழைவுச்சீட்டுக் காசும்தான். அதே குடும்பம் ஒரே இடத்தில் நான்கு இரவு தங்கினால் அறை வாடகை, நான்கு நாள் சாப்பாடு, உள்ளூர் ஜீப், சந்தையில் காரட்டும் தேயிலைத்தூளும் என்று பணம் ஊருக்குள் புழங்கும். சாலையில் ஏறுவது அதே ஒரு வண்டிதான். ஆகவே வண்டி எண்ணிக்கைக்கும் வருமானத்துக்கும் நேரடிக் கணக்கு இல்லை. தங்கும் நாளுக்கும் வருமானத்துக்கும்தான் இருக்கிறது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கோடையில் குன்னூர்வாசிகள் குடிதண்ணீருக்குக் காத்திருப்பது ஊருக்கே பழகிப்போன சங்கதி. 2018 மே மாதம் சிம்லாவில் குழாய்கள் வறண்டபோது, சுற்றுலாவால் வாழும் அந்த ஊர்க்காரர்களே தயவுசெய்து வராதீர்கள் என்று வெளியூர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கோடை அங்கே யாருடைய பிழைப்பையும் காப்பாற்றவில்லை. கடைக்காரர்கள் கேட்க வேண்டியது வரம்பை எடுத்துவிட வேண்டும் என்றல்ல. வரம்பால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட, அதிக நாள் தங்குகிறவர்களை எப்படி வரவழைப்பது என்ற திட்டத்தை.

அடுத்த எதிர்வாதம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மலைவாசத்தலங்கள் வெள்ளைக்காரர்களின் ஓய்விடமாக ஆரம்பித்தவை. நம்மவர்களுக்கு அங்கே நுழைவதே கஷ்டமாக இருந்த காலம் உண்டு. இப்போதுதான் சாதாரணக் குடும்பம் ஒரு வாடகை வேனில் ஊட்டி பார்க்க முடிகிறது. இந்த நேரத்தில் வரம்பு போடுவது பழைய கதவை மறுபடி சாத்துவதாகும் என்கிறார்கள். வரம்பு பணத்தால் போடப்பட்டிருந்தால் இந்தக் குற்றச்சாட்டு முழுக்கச் சரி; ஆயிரக்கணக்கில் நுழைவுக் கட்டணம் வைத்திருந்தால் நானும் அதை எதிர்ப்பேன். ஆனால் இங்கே கட்டணம் இல்லை. எண்ணப்படுவது வண்டி, மனிதர் இல்லை. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருகிறவருக்கு இ-பாஸ் வேண்டியதே இல்லை. ஐம்பது பேர் ஏறிய பேருந்து மலைச் சாலையில் பிடிக்கும் இடம் இரண்டு மூன்று கார்களுக்குச் சமம். அதே ஐம்பது பேர் காரில் வந்தால், காருக்கு நான்கு பேர் என்று வைத்தாலும் பதின்மூன்று கார். ஆக, இந்த வரம்பு நெருக்குவது சொந்தக் கார் வைத்திருப்பவரைத்தான். பேருந்துக்காரருக்குச் சாலையைக் காலி செய்துதருகிறது. ஏழைப் பயணியின் பெயரைச் சொல்லி எழுப்பப்படும் குரலில் பெரும்பாலும் பேசுவது நான்கு சக்கரம். சாதாரணக் குடும்பத்தின் மேல் உண்மையிலேயே அக்கறை இருப்பவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து சீசனில் கூடுதல் பேருந்துகள், ஊட்டியில் பாயின்ட்டுகளைச் சுற்றிவர அடிக்கடி ஓடும் சுற்றுப் பேருந்துகள், குறைந்த வாடகையில் சுத்தமான அரசு விடுதிகள் கேட்டுப் போராட வேண்டும். அப்படி ஒரு கடையடைப்பு நடந்தால் மனதார ஆதரிப்பேன்.

சாலையை அகலப்படுத்தலாமே என்பது பொறியியல் பேச்சு போல் ஒலித்தாலும் மலையை அறியாத பேச்சு. சமவெளியில் சாலையை அகலமாக்க இரண்டு பக்கமும் நிலம் எடுக்கலாம். மலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அகலமாக்குவது என்றால் சரிவின் அடிக்காலை வெட்டுவது. முன்பு சொன்ன தடுப்புச் சுவர்க் கதை முழுவதும் அங்கே சாலை நீளத்துக்குத் தொடங்கும். சரி, வெட்டி அகலமாக்கியே விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் வண்டி போய்ச் சேரும் ஊட்டியின் சேரிங்கிராஸ் சந்திப்பை எப்படி அகலப்படுத்துவது? பூங்கா வாசலை? ஊட்டிக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ் வேலி அணையை? இப்போதே சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் பிரித்துவிடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் இந்த இரண்டு சாலைகளில் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறையில்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு மே மாதம்தானே லீவு, வேறு எப்போது போவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் பதில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வருகிறது. நீலகிரியில் அதற்கே இரண்டாம் சீசன் என்று பெயர். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்கு வலுப்பதற்கு முந்தைய இடைவெளி. புல்வெளி பச்சையாக இருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும். அரையாண்டு விடுமுறையில் போனால் விடியற்காலை தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி படிந்திருப்பதைப் பார்க்கலாம். கண்ணாடித் துண்டுபோல் ஒவ்வொரு புல்நுனியிலும் வெள்ளை விளிம்பு, சூரியன் தொட்டதும் பத்து நிமிடத்தில் எல்லாம் ஈரம். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் இடிபடுகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. மழைக்கும் இந்த மலையில் திசை உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் மழை கொட்டும்போது கிழக்கே கோத்தகிரியில் அந்த அளவு இருக்காது. அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ், குன்னூர் மலைச் சாலையில்தான் கவனம் வேண்டும். திட்டம் போடுகிறவர் முதலில் மாதத்தையும் மலையின் பக்கத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு ஊர். அங்கிருந்து நடந்தோ உள்ளூர்ப் பேருந்திலோ போகக்கூடிய இரண்டு மூன்று இடங்கள், அதற்குமேல் வேண்டாம். அறையை எடுக்கும்போது பால்கனி எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன், விடுதியாக நடத்த உரிமம் உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று மூன்று கேள்வி கேட்கலாம். குடியிருப்புக்கென்று அனுமதி வாங்கிவிட்டுக் காட்டேஜாக ஓட்டுகிறவர்கள் முதல் கேள்வியிலேயே தடுமாறுவார்கள். மே மாதம்தான் முடியும் என்பவர்களும் உண்டு. அவர்கள் வார நாளில் வரட்டும், பேருந்தில் வரட்டும், இ-பாஸைக் கிளம்பும் நாளன்று தேடாமல் ரயில் சீட்டு எடுக்கும்போதே எடுத்துவைக்கட்டும்.

இ-பாஸ் நடைமுறையில் குறைகள் இல்லை என்று சொல்லவில்லை. மலை ஏறும் வழியில் கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் சோதனைச் சாவடியில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும்படி ஆகிறது. நெரிசலைக் குறைக்க வந்த முறையே கீழே நெரிசலை உண்டாக்குகிறது என்று விமர்சிப்பவர்கள் சொல்வது சரி. பாஸை மேட்டுப்பாளையத்துக்கு முன்பே, சமவெளிச் சாலையில் சோதித்து அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். எடுத்த பாஸைப் பயன்படுத்தாதவர்களின் இடம் அன்றே மற்றவருக்குப் போக வழி செய்ய வேண்டும். 6,000 என்ற எண் சரியானதா என்பதும் விவாதத்துக்கு உரியதுதான். 4,000-ஆக இருக்க வேண்டும் என்றோ 7,000 தாங்கும் என்றோ தண்ணீர்க் கணக்கையும் சாலைக் கணக்கையும் வைத்து யாராவது பேசினால் அதைக் கேட்க வேண்டும். அதற்கு அந்தக் கணக்குகள் மக்கள் கையில் இருக்க வேண்டும். ஐஐடி, ஐஐஎம் ஆகிய இரண்டு நிறுவனங்களின் ஆய்வைத் தமிழில் முழுமையாக வெளியிட வேண்டும். பார்சன்ஸ் வேலியிலும் குன்னூரின் ரேலியா அணையிலும் அன்றன்றைக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை வண்டி உள்ளே இருக்கிறது, உரிமம் பெற்ற விடுதிகள் எவை என்ற மூன்றையும் இ-பாஸ் எடுக்கும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். நீலகிரி மாவட்டத்திலும் கொடைக்கானல் இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்திலும் இதற்கான விவரம் ஏற்கெனவே அரசு அலுவலகங்களில் இருக்கிறது. அடுத்த ஏப்ரலுக்குள் அதைப் போட்டுவிட முடியும்.